செவ்வாய் நாளாகமம்: அயற்கோட் குடியேற்றக் காப்பியம் ஒன்றில் நிலமும் பெயரும்

முன்னுரை

நூலின் பெயர் நூற்பொருளை விளக்குதற்கென்று இடப்படுவது. ஆயினும் சில நூல்களில் பெயரே முதல் வினாவாக நின்றுவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி மார்சியன் கிரானிகிள்ஸ்' என்னும் அறிவியற் புனைகதை நூல் அத்தகையது. 'கிரானிகிள்ஸ்' என்பதற்குத் தமிழ் விவிலியத்தில் வழங்கும் 'நாளாகமம்' என்னும் சொல் நன்கு பொருந்தும். ஆண்டு முறையில் நிகழ்ச்சிகளை அடுக்கிக் கூறுவதே இந்நூலின் நெறியும் ஆகும். ஆனால், 'மார்சியன்' என்பதனை ஒரு சொல்லால் பெயர்த்துவிட இயலவில்லை. அச்சொல் பெயரடையாகும்போது 'செவ்வாய்க் கோளுக்குரிய' என்றும், பெயராகும்போது 'செவ்வாயில் வாழ்பவன்' என்றும் பொருள் தரும். முன்னதைக் கொண்டால் இந்நூல் ஒரு நிலத்தின் வரலாறு. பின்னதைக் கொண்டால் ஒரு மக்களின் வரலாறு. மக்களின் வரலாறு எனின், எம்மக்கள்? தொன்றுதொட்டு அங்கு வாழ்ந்தவர்களா, மண்ணுலகிலிருந்து சென்று குடியேறியவர்களா?

இவ்வினா சொல்லாராய்ச்சியளவில் முடிந்துவிடுவதன்று. நூலின் இறுதிக் காட்சியை எவ்வாறு பொருள் கொள்வது என்பது இதனையே பொறுத்துள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்ப் பொருளிலக்கணத்தின் கலைச்சொற்கள் சிலவற்றை இங்கு அளவுகோலாகக் கொள்கிறோம். அவற்றை பிராட்பரி அறிந்திருந்தார் என்பது நம் கருத்தன்று. நிலத்தை முதலாக வைத்துப் பாட்டை ஆராயும் நெறி நம்மிடம் உண்டாதலின், நிலத்தைப் பற்றிய இந்நூலை அந்நெறியால் அணுகுவது பயன் தரும் என்பதே நம் கருத்து.

நூலின் தோற்றமும் அமைப்பும்

பிராட்பரி 1920இல் இல்லினாய்ஸ் மாநிலத்து வாகீகன் நகரிற் பிறந்தவர், 2012இல் மறைந்தவர். செவ்வாயைப் பற்றி அவர் எழுதிய சிறுகதைகள் 1946 முதல் இதழ்களில் வெளிவந்தன. 1949இல் அவர் நியூயார்க் சென்றபோது, டபிள்டே பதிப்பகத்தைச் சேர்ந்த வால்டர் பிராட்பரி என்பார் (இவர் உறவினர் அல்லர்) அக்கதைகளை ஒரு நூலாகக் கோத்தால் என்ன என்று வினவினார். அன்றிரவே தம் விடுதியறையிலிருந்து நூலின் திட்டத்தை எழுதி முடித்ததாக ஆசிரியர் பிற்காலத்தில் கூறியுள்ளார். ஓர் ஊரின் மாந்தரைத் தனித்தனிக் கதைகளாற் காட்டிய ஷெர்வுட் ஆண்டர்சனின் 'வைன்ஸ்பர்க், ஒஹையோ' (1919) தமக்கு முன்மாதிரியாக இருந்ததையும் அவர் ஒப்புக்கொண்டுள்ளார்.

1950ஆம் ஆண்டுப் பதிப்பில் 26 பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மாதமும் ஆண்டும் குறிக்கப்பெற்றது. முதற் பகுதி 1999 சனவரியில் தொடங்குகிறது. இறுதிப் பகுதி 2026 அக்டோபரில் நிகழ்கிறது. நீண்ட கதைகளுக்கு இடையே, ஓரிரு பக்கமே உடைய இணைப்புப் பகுதிகள் வருகின்றன. கதைகள் தனி மாந்தரைப் பேச, இணைப்புப் பகுதிகள் கூட்டத்தைப் பேசுகின்றன: கலங்கள் வந்திறங்குவது, மரங்கள் நடப்பெறுவது, ஊர்கள் எழுவது, பெயர்கள் இடப்பெறுவது. 1997ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆண்டுகள் யாவும் 31 ஆண்டு பின்னுக்குத் தள்ளப்பட்டன; பகுதிகள் சிலவும் மாறின. இங்கு முதற் பதிப்பின் ஆண்டுகளையே மேற்கொள்கிறோம்.

காப்பியம் எனலாமா?

தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவனை வேண்டும். இந்நூலில் அத்தகைய தலைவன் இல்லை. கேப்டன் வைல்டர், பார்க்ஹில், ஹாதவே ஆகிய சிலர் மீண்டும் வருவரேனும், எவரும் நூல் முழுதும் நிற்பவர் அல்லர். முதற் பகுதியிலிருந்து இறுதிப் பகுதிவரை நிற்பது நிலம் ஒன்றே. வறண்ட கடல்கள், நீண்ட கால்வாய்கள், படிக மாடங்கள், நீல மலைகள் ஆகியவற்றை நூல் மீண்டும் மீண்டும் நம்முன் நிறுத்துகிறது. மாந்தர் வருகின்றனர்; போகின்றனர். ஒரு கோளின் மக்கள் அழிவதும், மற்றொரு கோளின் மக்கள் வந்து பரவுவதும், அவர்களும் நீங்குவதும் ஆகிய பெரும்பொருள் இதன்கண் உளது. எனவே தலைவனால் அன்றி நிலத்தால் ஒருமை பெற்ற உரைநடைக் காப்பியம் என இதனைக் கொள்ளலாம்.

தொல்காப்பியர் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பர். இந்நூலாசிரியரும் பகுதிதோறும் பொழுதைத் தலைப்பிலேயே வைக்கிறார். நூலின் தொடக்கமே பொழுது திரிந்த காட்சியாகும். ஒஹையோ மாநிலத்தில் கடுங்குளிர்க் காலம்; விண்கலத்தின் அனல் ஊர்மீது பரவ, பனி உருகிச் சிறிது நேரம் கோடை வந்துவிடுகிறது. முதற்பொருளை மாற்றும் ஆற்றல் மனிதன் கைக்கு வந்துவிட்டது என்பதனை இக்காட்சி குறிப்பால் உணர்த்துகிறது. செவ்வாய் சென்றபின் கருப்பொருளும் மாற்றப்படுகிறது. டிரிஸ்கால் என்பவன் மூச்சுக் காற்று மிகுதற்பொருட்டு மரங்களை நடுகிறான். ஒரே இரவில் மழை பெய்து அவை வானுற வளர்கின்றன. வீடு கட்ட ஒரிகன் பைன் மரமும் கலிபோர்னிய ரெட்வுட் மரமும் கொண்டுவரப்படுகின்றன. குடியேறியவர் செவ்வாயில் வாழவில்லை. தம் ஊரையே அங்குப் பெயர்த்து வைத்து அதனுள் வாழ்கின்றனர்.

வஞ்சியும் காஞ்சியும்

மண்ணாசையால் பிறர் நிலத்தின்மேற் செல்லுதல் வஞ்சித்திணை. செவ்வாய்மேற் செல்லும் நான்கு பயணங்கள் நூலின் முற்பகுதியாக அமைகின்றன. முதல் மூன்றும் தோல்வியுறுகின்றன. முதற் பயணத்தின் தலைவன் யார்க் என்பான், செவ்வாய்ப் பெண் ஈலாவின் கனவில் முன்னரே தோன்றிவிடுகிறான். அவள் கணவன் பொறாமையால் அவனைச் சுட்டுக் கொல்கிறான். இரண்டாம் பயணத்தினர் தாங்கள் மண்ணுலகத்தினர் என்று கூற, அங்குள்ளோர் அவர்களைப் பித்தர் என்று கருதி அடைத்துவைத்து இறுதியிற் கொல்கின்றனர். மூன்றாம் பயணத்தினர் இறங்கும் இடமோ அவர்கள் பிறந்து வளர்ந்த ஊர்போலவே தோன்றுகிறது. இறந்துபோன பெற்றோரும் உடன்பிறந்தாரும் எதிர்வந்து தழுவுகின்றனர். அவை யாவும் செவ்வாயர் மனவலியாற் புனைந்த தோற்றங்கள். அன்றிரவே அனைவரும் மாய்கின்றனர்.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. ஆசிரியர் செவ்வாயரைக் குற்றமற்ற முனிவராகப் படைக்கவில்லை. அவர்களிடம் பொறாமை உண்டு, சூழ்ச்சி உண்டு, பிறர் சொல்வதைக் கேளாச் செருக்கும் உண்டு. அழிந்தவர் நல்லவர் என்பதற்காக நாம் இரங்க வேண்டும் என்று நூல் கேட்கவில்லை. அவர்கள் தமக்கென ஒரு வாழ்வு உடையவராய் இருந்தனர் என்பதே இரக்கத்துக்குப் போதிய காரணமாகிறது.

காஞ்சி என்னும் திணைப்பெயரை நம் நூலோர் இருவகையில் ஆண்டனர். தொல்காப்பியத்தில் அது நிலையாமை. புறப்பொருள் வெண்பாமாலையில் அது மேல்வந்த வேந்தனை எதிர்நின்று தடுத்தல். இந்நூலில் முதல் மூன்று பயணங்களுக்கும் செவ்வாயர் தரும் விடை வெண்பாமாலையின் காஞ்சி. நான்காம் பயணம் சென்றிறங்கியபோது கண்டது தொல்காப்பியக் காஞ்சி. நகரங்கள் நின்றன, மக்கள் இல்லை.

சின்னம்மை

நான்காம் பயணத்தினர் இறங்கியபோது செவ்வாயர் பெரும்பாலும் மாண்டுபோயிருந்தனர். முன்வந்தவர்களிடமிருந்து தொற்றிய சின்னம்மையே காரணம் என்று மருத்துவ உறுப்பினர் ஹாதவே கண்டறிகிறார். இந்நிகழ்ச்சியின் ஆழத்தை உணர, எச்.ஜி. வெல்சு 1898இல் வெளியிட்ட 'தி வார் ஆஃப் தி வோர்ல்ட்ஸ்' என்னும் புதினத்தை உடன் வைத்து நோக்குதல் வேண்டும். அதில் செவ்வாயர் மண்ணுலகின்மேற் படையெடுத்து வந்து, இங்குள்ள நுண்ணுயிர்களால் மடிகின்றனர். ஐரோப்பியக் குடியேற்றத்தால் தாசுமேனியப் பழங்குடிகள் அழிந்ததனை வெல்சு அந்நூலின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டி, பிறரை அழித்தவர் தமக்கு அழிவு வரும்போது முறையிடத் தகுமோ என்று கேட்கிறார். வெல்சிடம் நோய் படையெடுத்தவரை அழித்தது. பிராட்பரியிடம் நோய் நிலத்துக்குரியவரை அழித்தது. வரலாற்றில் நிகழ்ந்தது பின்னதேயாகும். 1520இல் மெக்சிகோவின் தெனோச்தித்லான் நகரில் பெரியம்மை புகுந்தது. 1837இல் மிசூரி ஆற்றின் மேற்பகுதியில் வாழ்ந்த மாண்டன் குடியினர் அதே நோயால் சில மாதங்களில் ஏறத்தாழ முற்றும் அழிந்தனர்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பலாம். நோயே அழித்தது என்றால் குடியேறியவர் கையிற் குருதி இல்லை. நிலம் தானே ஆளற்றதாகிவிட்டது. ஆகவே அதிற் குடிபுகுதல் குற்றமாகாது. அமெரிக்க நிலத்திற் குடியேறியோர் பலர் தம் வரலாற்றை இவ்வாறே சொல்லிக்கொண்டனர். பிராட்பரியும் அவ்வாறு தம்மவர்க்கு ஒரு புகலிடம் அமைத்துத் தந்தாரா?

நூல் இத்தடையை அறிந்தே இருக்கிறது என்பது நம் துணிபு. பெரியம்மையை விடுத்துச் சின்னம்மையை ஆசிரியர் தேர்ந்ததைக் கருதுக. மண்ணுலகிற் குழந்தைகளும் எளிதிற் பிழைத்தெழும் நோய் அது. தொன்மை வாய்ந்த ஒரு நாகரிகம் பெரும்போரில் வீழ்ந்திருந்தால் அதற்கு அதன் பெருமைக்கேற்ற முடிவேனும் கிடைத்திருக்கும். அதுவும் கிட்டவில்லையே என்று பயணக் குழுவிலுள்ள ஸ்பெண்டர் வெதும்புகிறான். இறந்த நகரத்தின் முன் அவன் தோழர்கள் குடித்துக் கூத்தாடுகின்றனர்; பிக்ஸ் என்பவன் மதுப்புட்டிகளைக் கால்வாயில் எறிகிறான். ஸ்பெண்டர் பிரிந்து சென்று, செவ்வாயரின் நூல்களைப் பயின்று, சில நாட்களுக்குப் பின் மீள்கிறான். தானே இறுதிச் செவ்வாயன் என்று கூறித் தோழர்களைச் சுடுகிறான். அவர்களுள் செரோக்கி மரபில் வந்த ஒருவனும் உளன். அவன் ஸ்பெண்டரின் வருத்தத்தை உணர்கிறான், கொலையை ஏற்க மறுக்கிறான், அவனும் மாள்கிறான்.

'செவ்வாயன்' என்னும் பெயரைத் தனக்குரியதாகக் கூறிக்கொள்ளும் முதல் மண்ணுலகத்தான் இந்த ஸ்பெண்டரே. அழிந்தவர்பால் கொண்ட அன்பினால் அவன் அப்பெயரை எடுத்தான். எடுத்தவுடன் கொலைஞன் ஆனான். அவன் கூற்றில் உண்மை உண்டென்று கேப்டன் வைல்டர் அறிகிறார்; அறிந்தும் தம் கையாலேயே அவனைச் சுட நேர்கிறது. பின்னர், செவ்வாயரின் கல்லறைப் பேழையிலேயே அவனை அடக்கம் செய்கிறார். 'நோய் அழித்தது, நாம் அழிக்கவில்லை' என்று எவரும் அமைதி கொள்ள இயலாதவாறு இப்பகுதி அமைந்துள்ளது.

பெயரிடல்

ஸ்பெண்டர் இறக்குமுன் ஒன்று கூறியிருந்தான்: நம்மவர் இங்குள்ள கால்வாய்க்கு ராக்பெல்லர் பெயரை இடுவர், கடலுக்கு டூபாண்ட் பெயரை இடுவர், ஆனால் அப்பெயர்கள் இந்நிலத்தில் ஒட்டா. இக்கூற்றின் பயனைப் 'பெயர்களை இடுதல்' என்னும் சிறு பகுதியிற் காண்கிறோம். செவ்வாயர் நீருக்கும் காற்றுக்கும் மலைக்கும் இட்டிருந்த பெயர்கள் மறைகின்றன. முதலில் இறந்த பயணத்தினரின் பெயர்கள் இடப்படுகின்றன. பின்னர் இரும்பு, எஃகு, அலுமினியம், மின்சாரம் ஆகியவற்றாற் பெயர்பெற்ற ஊர்கள் எழுகின்றன. பெயர்கள் வந்தபின் சட்டங்களும் விதிகளும் வருகின்றன.

அப்பெயர்களுள் ஸ்பெண்டர் குன்று என்பதும் ஒன்று. பெயரிடலை எதிர்த்து உயிர்விட்டவனின் பெயரையே நிலத்தின்மேற் பொறித்துவிட்டனர். எதிர்ப்பையும் தன் புகழாக மாற்றிக்கொள்வது குடியேற்றத்தின் இயல்பு என்பதனை இவ்வொரு பெயர் காட்டிவிடுகிறது. ஆசிரியர் அதன்மேல் ஓர் உரையும் கூறவில்லை.

நிலத்தின் பெயர் போனபின் மக்களின் முகமும் போவதை 'செவ்வாயன்' என்னும் கதை கூறுகிறது. எஞ்சிய செவ்வாயன் ஒருவன், மகனை இழந்த லாஃபார்ஜ் என்னும் முதியவரின் வீட்டுக்கு அம்மகனின் உருவில் வருகிறான். காண்பவர் எவரை விழைகின்றனரோ அவர் உருவை அவன் கொள்கிறான். கூட்டம் நிறைந்த நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது, ஒவ்வொருவரும் தாம் இழந்தவரை அவனிடம் கண்டு பற்றி இழுக்கின்றனர். உருவங்கள் மாறி மாறி அவன் உயிர் பிரிகிறது. அங்கிருந்தோர் எவரும் தீயவர் அல்லர். யாவரும் அன்பினாலேயே அவனைப் பற்றினர். ஆயினும் அவனுடைய சொந்த முகம் எது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இவ்விரு பகுதிகளுக்கும் மாறாக நிற்பது 'இரவுச் சந்திப்பு'. தாமஸ் கோமெஸ் என்னும் குடியேறியவனும் முஹே கா என்னும் செவ்வாயனும் நள்ளிரவில் ஒரு பாதையில் எதிர்ப்படுகின்றனர். கை கொடுக்க முயன்றால் ஒருவர் கை மற்றவர் கையினூடே செல்கிறது. ஒருவன் காணும் இடிபாடு மற்றவனுக்கு விழாக்கோலம் பூண்ட நகரம். யார் முன்னோர், யார் பின்னோர் என்பது துணியப்படாமலே இருவரும் பிரிகின்றனர். ஒருவரிடமிருந்து ஒருவர் எதனையும் எடுத்துக்கொள்ளாத சந்திப்பு நூலில் இதுவே; அதுவும் தொட இயலாத நிலையிலேதான் கைகூடிற்று.

இறுதிக் காட்சி

மண்ணுலகிற் பெரும்போர் மூள்கிறது. பார்க்ஹில் என்பவன் செவ்வாயிற் சாலையோரச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறான். எஞ்சிய செவ்வாயரை அச்சத்தாற் சுட்டவன் அவன். அவர்களோ கோளிற் பாதியை அவனுக்கு உரிமையாக்கிப் பட்டயம் தருகின்றனர். அன்றிரவே மண்ணுலகு தீப்பற்றி எரிவதை அவன் காண்கிறான். நிலம் கிடைத்தது, வாங்கி உண்ண வருவார் இல்லை. குடியேறியவருட் பெரும்பாலோர் தாயகத்துக்கு மீள்கின்றனர்.

இறுதிப் பகுதியான 'பத்துலட்சம் ஆண்டு உலா' 2026இல் நிகழ்வது. தந்தை ஒருவர் மனைவியையும் மூன்று ஆண்மக்களையும் மீன்பிடிக்கப் போவதாகக் கூறிச் செவ்வாய்க்கு அழைத்து வருகிறார். வந்த கலத்தை அழித்துவிடுகிறார். அரசாவணங்களையும் உலகப் படத்தையும் தீயிலிடுகிறார். செவ்வாயரைக் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்களித்திருந்த அவர், இரவில் கால்வாய்க் கரையில் நிறுத்தி நீரைச் சுட்டுகிறார். நீரில் தெரிவது அக்குடும்பத்தினரின் நிழலே.

இதனை நம்பிக்கை தரும் முடிவு என்பது பொதுவாக வழங்கும் கருத்து. மண்ணுலகப் பழக்கங்களைத் தீயிலிட்டவர் புதிய நிலத்துக்குரிய புதிய மக்கள் ஆயினர் என்பது அதன் சாரம். அக்கருத்தை ஏற்குமுன், நூலின் வரலாற்றுச் செய்திகள் இரண்டினை நினைதல் வேண்டும்.

முதலாவது, இவ்விறுதிக் கதையே காலத்தால் முற்பட்டது. 'பிளானட் ஸ்டோரீஸ்' இதழில் 1946இல் வெளிவந்தது. அணுகுண்டு வீழ்ந்த மறு ஆண்டில் தனித்து நின்றபோது அது தப்பிப் பிழைத்தவரின் கதை. 1950இல் ஸ்பெண்டர், பெயரிடல், முகம் இழந்த செவ்வாயன் ஆகியவற்றுக்குப் பின் வைக்கப்பட்டபோது அதன் பொருள் மாறிவிடுகிறது. நிலமும் பெயரும் முகமும் எடுக்கப்பட்டபின் எஞ்சியிருந்தது 'செவ்வாயர்' என்னும் சொல் ஒன்றே. இப்போது அதுவும் எடுக்கப்படுகிறது.

இரண்டாவது, 1949இல் 'பெயர்களை இடுதல்' என்னும் அதே தலைப்பில் பிராட்பரி வேறொரு கதை வெளியிட்டிருந்தார். அதிற் குடியேறியவரின் கண்களும் தோலும் மெல்ல நிறம் மாறுகின்றன. அறியாமலே செவ்வாய்ச் சொற்கள் நாவில் எழுகின்றன. தாம் இட்ட பெயர்களை அவர்களே மறக்கின்றனர். பின்னர் வந்த படையினர் அவர்களைப் பழங்குடியினர் என்றே எண்ணி, மலைகளுக்கு மீண்டும் பெயரிடத் தொடங்குகின்றனர். அங்கு நிலம் மக்களைத் தனக்குரியவராக்குகிறது. அக்கதையை ஆசிரியர் இந்நூலிற் சேர்க்கவில்லை. தலைப்பு மட்டும் இணைப்புப் பகுதிக்கு வந்தது. அது 1959இல் வேறு தொகுதியில், வேறு பெயருடன் இடம்பெற்றது.

ஆகவே செவ்வாயர் ஆவதற்கு இருவழிகளை பிராட்பரி கண்டிருந்தார்: நிலம் மனிதனை மாற்றிக்கொள்ளும் வழி ஒன்று, மனிதன் தனக்குப் பெயரிட்டுக்கொள்ளும் வழி மற்றொன்று. நூலின் இறுதியில் வைத்தது இரண்டாவது வழியை. தந்தை நல்லவர்; அவர் எரித்தவை எரிக்கத் தக்கவையே. எனினும் அவர் தம் மக்களுக்குச் செவ்வாயரின் மொழியைக் கற்பிக்கவில்லை. அவர்தம் நூல்களைப் பயிலவில்லை. அவ்வளவு பயின்ற ஸ்பெண்டரோ கொலையில் முடிந்தான். பயின்றவன் வாழவில்லை, வாழ்பவன் பயிலவில்லை. இம்முரண்பாட்டை நூல் தீர்த்துவைக்கவில்லை. நீரில் தெரியும் முகங்கள் நம்மை நோக்கிப் பேசாதிருப்பதும் அதனாலேயே என்று கருதுகிறோம்.

முடிவுரை

1965 சூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாயின் அருகே சென்று படம் எடுத்தபோது, கால்வாய்களும் நகரங்களும் இல்லை, பள்ளங்கள் நிறைந்த வறண்ட நிலமே உளது என்பது தெளிவாயிற்று. இந்நூலின் மதிப்பு அதனாற் குறையவில்லை. நூல் கூறியது மண்ணுலகில் நிகழ்ந்ததனை அல்லவா? 2012இல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கியது. பிராட்பரி மறைந்து சில வாரங்களே ஆகியிருந்த அவ்வேளையில், அவர் பிறந்தநாளாகிய ஆகஸ்டு 22ஆம் நாளன்று, அது இறங்கிய இடத்துக்கு அமெரிக்க விண்வெளி நிறுவனம் 'பிராட்பரி இறங்குதுறை' என்று பெயரிட்டது. அவ்விடத்தில் வாழ்ந்து அதனை வேறு பெயரால் அழைத்த மக்கள் எவரும் இலர். ஆதலின் அப்பெயர் எவரிடமிருந்தும் பறித்ததன்று. பிராட்பரி எழுதிய செவ்வாயிலோ ஒவ்வொரு குன்றுக்கும் முன்னரே ஒரு பெயர் இருந்தது. அப்பெயர்களுள் ஒன்றனையேனும் நூல் நமக்குச் சொல்லவில்லை. சொல்லாது விட்ட அப்பெயர்களை எண்ணிப் பார்க்கும்போது, 'மார்சியன்' என்னும் சொல் யாருக்குரியது என்ற வினாவுக்கு விடைகூற நம் நாவும் தயங்குகிறது. அத்தயக்கமே இக்காப்பியத்தின் பயன்.